கற்பித்தல் என்பது யாது? – எல்லைப்புறப் பள்ளிகள் தரும் பாடம்



ஓர் ஆசிரியரை அணுகி, "நும் தொழில் யாது?" என்று வினவினால், "கற்பித்தல்" என்னும் விடை உடனே வரும். "கற்பித்தல் என்பது யாது? அஃது எதன்பொருட்டு?" என்று அடுத்து வினவினாலோ, விடை அத்துணை விரைவில் வாராது. பாடத்தைக் குறித்த காலத்தில் முடித்தலே கற்பித்தல் என்பர் சிலர். மாணாக்கரைத் தேர்வில் தேறச் செய்தல் என்பர் வேறு சிலர். பிள்ளையைத் தன் காலில் நிற்கச் செய்தல் என்பார் மிகச் சிலர். மூவரும் ஒரே பள்ளியில், ஒரே பாடநூலை, ஒரே வகுப்புக்குக் கற்பிப்பவராக இருத்தல் கூடும். ஆயினும், அம்மூவரிடமும் பயிலும் பிள்ளைகளின் வாழ்வு ஒன்றாய் இராது.

ஆசிரியர் தம் தொழிலைப் பற்றித் தம் உள்ளத்தில் கொண்டுள்ள எண்ணமே, எந்தப் பிள்ளை 'அறிவாளி', எந்தப் பிள்ளை 'மந்தம்' என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. இது நமக்குப் புதிய செய்தியன்று. படிப்பு ஏறாத கூட்டம் என்று தலைமுறை தலைமுறையாகப் பெயர் சூட்டப்பட்டவர் நம் முன்னோர். அப்பெயர் அவர்தம் அறிவின் குறையால் வந்ததன்று. கற்பித்தல் இன்னது, அஃது இன்னார்க்கே உரியது என்று பிறர் கொண்டிருந்த எண்ணத்தால் வந்தது. ஆதலின் இம்மாதப் பாடமாக இப்பொருளையே எடுத்துக்கொள்கிறோம். இதனை வெறுங் கொள்கையாக ஆராயாமல், கேரள மாநிலத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில், தமிழக எல்லையை ஒட்டிய பகுதிகளை முன்வைத்து ஆராய்வோம்.

நிலமும் மக்களும்

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. அண்ணல் அம்பேத்கர் நாகபுரியில் அக்டோபர் 14-இல் தம்மம் தழுவியதற்குப் பதினெட்டு நாள் கழித்து நிகழ்ந்தது அது. அதுகாறும் சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் அடங்கியிருந்த பாலக்காடு கேரளத்தைச் சேர்ந்தது. திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள், தமிழர் மிகுதியாக வாழ்ந்த பகுதிகளாயினும், கேரளத்திலேயே நின்றன. அவை அடங்கிய இடுக்கி மாவட்டம் 1972-இல் அமைந்தது.

கோடு வரைபடத்தில் விழுந்தது. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர். சிற்றூர் வட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து உழவர், முதலமடைப் பகுதியின் அருந்ததியர், மூணாறு, வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தமிழ்க் குடும்பங்கள், வட்டவடை, மறையூர், காந்தளூர் ஊர்களின் பழங்குடியானவர், இடமலைக்குடியின் முதுவர், அட்டப்பாடியின் இருளர், முடுகர், குறும்பர், பறம்பிக்குளத்தின் காடர், மலசர் என இந்நிலத்து மக்கள் பலர். பறம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயினும் சாலை வழியே அங்குச் செல்வோர் தமிழகத்துச் சேத்துமடையைக் கடந்தே செல்ல வேண்டும். ஊர் ஒரு மாநிலத்தில், வழி மற்றொரு மாநிலத்தில்! இப்பகுதிப் பிள்ளைகளின் கல்வியும் ஏறத்தாழ அத்தகையதே. வீட்டின் மொழி ஒன்று. அரசின் மொழி மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பவர் ஆசிரியர்.

ஆசிரியர் உள்ளத்தில் உள்ள உருவங்கள்

கற்பித்தலை ஆசிரியர்கள் எவ்வாறு உணர்கின்றனர் என்னும் ஆராய்ச்சி 1990-களில் பல நாடுகளில் வளர்ந்தது. கனடா நாட்டு அறிஞர் டேனியல் பிராட் 1992-இல் ஐந்து வகை எண்ணங்களைப் பிரித்துக் காட்டினார். பாடப்பொருளைச் சிதறாமல் ஒப்படைப்பது ஒன்று. தொழிலறிந்தவர் தம்முடன் இருத்திப் பழக்குவது இரண்டாவது. மாணாக்கரின் அறிவை அது நிற்கும் இடத்திலிருந்து வளர்த்தெடுப்பது மூன்றாவது. அவர்தம் தன்னம்பிக்கையைப் பேணுவது நான்காவது. சமூகத்தைச் சீர்திருத்துவது ஐந்தாவது. டேவிட் கெம்பர் என்பார் 1997-இல் இத்தகைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து நோக்கி, இவையெல்லாம் இரு துருவங்களுக்கிடையே அமைவன என்று கண்டார். ஒரு துருவத்தில் ஆசிரியரும் பாடப்பொருளும் நிற்கின்றன. மறு துருவத்தில் மாணாக்கரும் அவர் கற்றலும் நிற்கின்றன.

இவ்வாராய்ச்சி நம் மொழிக்கு முற்றும் புதியதன்று. பவணந்தியார் நன்னூலின் பாயிரத்தில் நல்லாசிரியர்க்கு நிலத்தையும், மலையையும், துலாக்கோலையும், மலரையும் உவமை காட்டினார். ஆசிரியராகத் தகாதவர்க்கு அவர் காட்டிய உவமைகள் இன்னும் கூரியவை. கழற்காய் இட்ட குடத்தைக் கவிழ்த்தால், இட்ட முறையில் அவை வெளிவாரா. முறை மாற்றிக் கற்பிப்பவர் அத்தகையர். கருக்கு மட்டை சூழ்ந்த பனை தானே பழம் உதிர்த்தாலன்றிப் பிறரைத் தன்னிடம் ஏறவிடாது. அணுகவொண்ணாத ஆசிரியர் அத்தகையர். பஞ்சு அடைத்த குடுக்கை சிறிது சிறிதாகவே வாங்கிச் சிறிது சிறிதாகவே கொடுக்கும். வளைந்த தென்னையோ, நீர் வார்த்தவன் முற்றத்தை விட்டு அயலான் முற்றத்தில் காயை உதிர்க்கும்.

இவ்வுவமைகளை இன்றைய எல்லைப்புறப் பள்ளிக்குப் பொருத்திப் பாருங்கள். ஏழைப் பிள்ளைகளின் பேரால் ஊதியம் பெற்று, வசதியுடையோர் பிள்ளைகளுக்கு மாலையில் தனிப்பாடம் சொல்லித் தம் முழுத் திறனையும் அங்கே காட்டும் ஆசிரியர் முடத்தெங்கு அல்லரோ?

ஆயினும் நன்னூலில் நாம் தயங்கி நிற்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. கற்பிக்கத் தகாத மாணாக்கர் என்று ஒரு பட்டியலும் அங்கே உள்ளது. அதில் மந்தனும் ஒருவன். பழங்காலத்து ஆசிரியர்க்கு மாணாக்கரைத் தேரும் உரிமை இருந்தது. பொதுப்பள்ளி ஆசிரியர்க்கு அவ்வுரிமை இல்லை, இருத்தலும் கூடாது. வாயிலில் வந்து நிற்கும் பிள்ளை எப்பிள்ளையாயினும் அவர் மாணாக்கரே.

பௌத்த மரபு சொல்லும் சூளபந்தகர் வரலாறு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. நான்கு திங்கள் முயன்றும் ஒரு செய்யுளை மனனம் செய்ய மாட்டாத அவரை, அவர் தமையனாரே விகாரத்தை விட்டுப் போகுமாறு கூறினார். தமையனார்க்குக் கற்பித்தல் என்பது செய்யுளை ஒப்படைத்தல். ஏற்க மாட்டாதவன் மந்தன். புத்த பகவானோ அச்செய்யுளையே கைவிட்டார். ஒரு வெண்துணியைக் கையில் கொடுத்து, அதனைத் தேய்த்துக்கொண்டே அழுக்கைப் பற்றிச் சிந்திக்குமாறு பணித்தார். துணி மாசுற்றதைக் கண்ணால் கண்ட சூளபந்தகர் நிலையாமையை உணர்ந்தார். மாறியது மாணாக்கன் அறிவன்று, ஆசிரியர் வழி.

கணக்காசிரியர் கேட்ட கேள்வி

மஜ்ஜிம நிகாயத்தில் கணக்க மொக்கல்லானர் என்னும் அந்தணர் ஒருவர் வருகின்றார். கணக்குக் கற்பிப்பது அவர் தொழில். சாவத்தி நகரத்து மிகாரமாதா மாளிகையில் அவர் பகவானைக் கண்டு, "இம்மாளிகைக்குப் படிப்படியாக ஏறுகிறோம், நாங்களும் மாணாக்கர்க்கு ஒன்று, இரண்டு, மூன்று எனப் படிப்படியாக எண்ணக் கற்பிக்கிறோம், உம் நெறியிலும் அத்தகைய படிமுறை உண்டோ?" என்னும் கருத்துப்பட வினவினார். உண்டு என்று கூறிய பகவான், ஒழுக்கம் முதலாக அப்படிகளை விளக்கினார்.

அடுத்து அக்கணக்காசிரியர் கேட்டதுதான் எல்லா ஆசிரியர் உள்ளத்திலும் உறங்கும் கேள்வி. உம்மிடம் கற்றோர் அனைவரும் இலக்கை எய்துகின்றனரா? இல்லை, சிலரே எய்துகின்றனர் என்று பகவான் ஒளிக்காமல் விடையிறுத்தார். இராசகிருகத்துக்கு வழி கேட்ட இருவரில் ஒருவன் சென்று சேர்கிறான், மற்றவன் வழி தப்புகிறான். வழி காட்டியவன் செய்யக் கூடியது யாது? ததாகதர் வழி காட்டுபவரே என்பது அவ்விடையின் சாரம்.

இவ்விடையைச் சோம்பலுக்குக் கேடயமாகக் கொள்ளுதல் ஆகாது. "நான் சொல்லிவிட்டேன்; அவன் கற்கவில்லை" என்று கைகழுவும் ஆசிரியர் இவ்வுவமையைத் தம் பக்கம் இழுக்கப் பார்ப்பர். ஆனால் வழி காட்டுதல் என்பது கேட்பவன் எங்கே நிற்கிறான் என்பதை முதலில் அறிவதன்றோ? மூணாற்றில் நிற்பவனுக்கு எர்ணாகுளத்திலிருந்து புறப்படும் வழியைச் சொல்வது வழிகாட்டல் ஆகாது. அவன் நிற்கும் இடத்திலிருந்து, அவன் அறியும் சொற்களால், அவன் காணக்கூடிய அடையாளங்களைச் சொல்ல வேண்டும். அதன்பின் நடப்பது அவன் கடன்.

தம்தம் மொழியில்

அவன் அறியும் சொற்கள் என்றோம். இதுவே எல்லைப்புறப் பள்ளியின் தலையாய சிக்கல்.

அந்தணர் குலத்துப் பிறந்த பிக்குகள் இருவர், பகவானின் சொற்களைச் சந்தசில், அதாவது வேத மொழியின் நடையில், அமைத்துவிடலாம் என்று வேண்டிய நிகழ்ச்சி விநய பிடகத்துச் சூளவக்கத்தில் உள்ளது. பகவான் அதனை மறுத்தார். தத்தம் மொழியிலேயே கற்க இசைவளித்தார். உரையாசிரியர் புத்தகோசர் 'தம் மொழி' என்பதற்கு மாகதம் என்று பொருள் கொண்டார். கற்போரின் சொந்த மொழி என்பதே பொருள் எனக் கொள்வோர் இக்காலத்து ஆய்வாளருள் பலர். எவ்வாறாயினும், உயர்ந்தோர் சிலர்க்கே விளங்கும் மொழிக்குள் அறிவை அடைத்து வைக்க அவர் ஒப்பவில்லை என்பது தெளிவு.

இந்திய அரசியல் சட்டத்தில் 1956-இல் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மையினர் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்யுமாறு மாநிலங்களை வலியுறுத்துகிறது. கேரளத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. அம்மாநிலமே தமிழில் பாடநூல் அச்சிடுகிறது. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வைத் தமிழில் எழுதலாம். இவை போற்றத்தக்கவை. மறுபுறம், மாநிலத்தில் வேலை தேடுவோர்க்கு மலையாள அறிவு இன்றியமையாதது. பள்ளிகளில் பத்தாம் வகுப்புவரை மலையாளம் கற்பிக்க 2017-இல் சட்டம் வந்தபோது, சிறுபான்மை மொழியினரிடையே கவலையும் எழுந்தது. தமிழ்வழியில் சேர்த்தால் பிள்ளை பின்னால் வேலையின்றி நிற்குமோ என்று அஞ்சும் தாய்; மலையாள வழியில் சேர்த்தால் பாடம் விளங்காமல் இப்போதே விழித்து நிற்குமோ என்று அஞ்சும் தந்தை; தோட்டத்து லயங்களில் இருவர் அச்சமும் உண்மையே.

இங்கே ஆசிரியரின் எண்ணம் எவ்வாறு வேலை செய்கிறது என்று பாருங்கள். மலையாளத்தில் 'வெள்ளம்' என்பது குடிக்கும் நீர். தமிழ்ப் பிள்ளைக்கோ அது கரை புரண்டு வருவது. மலையாளத்தில் 'பட்டி' என்பது நாய்; தமிழ்ப் பிள்ளைக்கு அது தன் பாட்டன் பிறந்த ஊர்ப்பெயரின் ஈறு. முதல் வகுப்பில், 'பட்டி' என்று எழுதிய படத்தின் கீழ்ப் பிள்ளை வீடுகளை வரைந்து வைத்தால், ஒப்படைப்பே கற்பித்தல் என்று கருதும் ஆசிரியர் அதனைத் தவறு என்று கோடிட்டுச் செல்வார். நின்ற இடத்திலிருந்து வளர்ப்பதே கற்பித்தல் என்று கருதும் ஆசிரியரோ, அப்பிழையில் பிள்ளையின் அறிவைக் காண்பார். அச்சொல்லை வைத்தே இரு மொழிகளையும் ஒருங்கே கற்பிப்பார். பிழை ஒன்று, அதனைக் காணும் கண்கள் இரண்டு.

முதுவர் பேச்சும் இருளர் பேச்சும் தமிழோடு நெருங்கியவை. அப்பிள்ளைகட்குப் பாடநூல் மலையாளமும் அயல். பாடநூல் தமிழும் ஓரளவு அயலே. இடமலைக்குடிப் பிள்ளைகளின் மொழித் தடையை நீக்க 2022-ஆம் ஆண்டளவில் கேரளக் கல்வித்துறையினர் தனித் திட்டம் ஒன்றை வகுத்து, முதுவர் வழக்கிலிருந்தே அதற்குப் 'படிப்புறுசி' என்று பெயரிட்டனர். படிப்பு ருசிக்க வேண்டும் என்னும் அப்பெயர் நமக்கும் பொருள் விளங்குவதாயிருக்கிறது. பழங்குடியினருள் பயிற்சி பெற்றவர்களையே பள்ளிக்குத் துணையாசிரியராக அமர்த்தும் 'கோத்ரபந்து' என்னும் திட்டம் 2017-இல் வயநாட்டில் தொடங்கிப் பின்னர் அட்டப்பாடிக்கும் வந்தது. வீட்டில் கேட்ட ஒலியை வகுப்பில் கேட்கும் பிள்ளை, பள்ளி தன்னை அறியும் என்று உணர்கிறது. கற்றல் அவ்வுணர்வில் தொடங்குகிறது.

ஓர் அறையில் நான்கு வகுப்பு

காட்டினுள்ளும் மலைமீதும் சிதறிய குடிகளுக்காக, 1990-களின் பிற்பகுதியில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தின் கீழ்க் கேரளத்தில் ஓராசிரியர் பள்ளிகள் தோன்றின. நான்கு வகுப்புப் பிள்ளைகளும் ஓர் அறையில் இருப்பர், ஆசிரியர் ஒருவரே. ஒரு மூலையில் முதல் வகுப்புக்கு எழுத்தறிவிப்பார். அதுவரை மற்ற மூன்று வகுப்புகட்கும் தாமே செய்யும் வேலை கொடுத்து வைப்பார். நான்காம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லும். சொல்வதால் தானும் தெளியும். பாடத்தை ஒப்படைத்தலே கற்பித்தல் என்று கருதுபவர் அத்தகைய அறையில் ஒரு நாளும் நிற்க முடியாது. ஒரே வாய் நான்கு பாடங்களை எவ்வாறு ஒப்படைக்கும்? கற்றலை ஏற்பாடு செய்தலே தம் தொழில் என்று உணர்பவர்க்கே அது கைகூடும்.

இடமலைக்குடி, கேரளத்தின் முதற் பழங்குடி ஊராட்சியாக 2010-இல் அமைந்த இடம். அங்கே இருப்புக்கல்லுக்குடியில் தேநீர்க் கடைக்காரர் ஒருவர், அங்குப் பணியாற்றிய ஓர் ஆசிரியரின் துணையோடு நடத்திய நூலகத்தைப் பற்றிப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-இல் எழுதினார். நூல்கள் 160, அவை சாக்குப் பைகளில் காக்கப்பட்டிருந்தன. சாலையில்லாத காட்டில், கொடுத்த நூலுக்கும் திரும்பிய நூலுக்கும் பதிவேடு இருந்தது. பள்ளி மணி அடித்த பின்னும் தம் தொழில் முடிவதில்லை என்று ஓர் ஆசிரியர் கருதியதன் பயன் இது.

நிற்க. 2022-இல் கேரள அரசு இவ்வோராசிரியர் பள்ளிகளை மூடியது. அரசின் வாதத்தில் பொருள் இல்லாமல் இல்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தகுதி பெற்ற ஆசிரியரையும் முழு வசதிகளையும் வேண்டுகிறது. பழங்குடிப் பிள்ளைக்கு மட்டும் குறைப் பள்ளி போதும் என்பது நீதியாகாது. பிள்ளைகளை ஊர்தியேற்றிப் பெரிய பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் அனுப்பலாம் என்றனர். ஆனால் ஆறு வயதுப் பிள்ளை தாயைப் பிரிந்து விடுதியில் தங்குவதால் இழப்பதும் உண்டு. மழைக்காலத்தில் காட்டுவழி ஊர்தி நின்றுபோவதும் உண்டு.

அப்பள்ளிகளில் இருபது ஆண்டுக்கு மேலாகக் கற்பித்தவர்களுள் பலர்க்கு மாற்றாகக் கிடைத்தது பள்ளிகளில் துப்புரவுப் பணி. நேற்றுவரை சுண்ணக்கட்டி பிடித்த கையில் இன்று துடைப்பம். இச்செய்தி வந்தபோது நாடு வருந்தியது. நாம் எதற்காக வருந்த வேண்டும்? துப்புரவு இழிதொழில் என்பதற்காகவா? அன்று. வாடிய பூக்களைக் கூட்டிப் பிழைத்த சுனீதரைப் பகவான் சங்கத்தில் சேர்த்து வணங்கத்தக்கவராக்கினார் என்பதைத் தேரகாதை வழியே அறிந்த நாம் அவ்வாறு எண்ணக் கூடாது. இருபதாண்டு மலையேறிப் பழகிய அறிவை, எந்தக் குடியில் எந்தப் பிள்ளை எதற்கு அஞ்சும் என்று அறிந்த அறிவை, அரசு ஓர் அறிவாகவே எண்ணவில்லை என்பதே நம் வருத்தம். கற்பித்தல் என்பது சான்றிதழும் பாடநூலும் மட்டுமே என்று கருதினால், அவ்வறிவுக்குக் கணக்கேட்டில் இடமிராது.

கல்வியறிஞர் கிருஷ்ண குமார் 1991-இல் இந்தியத் தொடக்கப்பள்ளி ஆசிரியரைப் பற்றி ஒரு முரண்பாட்டைச் சுட்டினார். மேலதிகாரிக்கு முன் ஆற்றலற்று அடங்கி நிற்பவர், பிள்ளைகளுக்கு முன் கேள்வி முறையற்ற ஆட்சியாளராகிறார் என்பது அது. தம் பாடத்தைத் தாமே அமைக்கும் உரிமை இல்லாதவர்க்குத் தம் தொழிலின் நோக்கத்தைச் சிந்திக்கும் ஊக்கம் எவ்வாறு வரும்? ஆசிரியரை மதியாத சமூகம், பிள்ளையை மதிக்கும் ஆசிரியரை எதிர்பார்த்தல் வீண்.

சொல்லாமற் சொல்லும் பாடம்

பாடநூலில் இல்லாத பாடங்களும் பள்ளியில் நடக்கின்றன. யார் முன்வரிசையில் அமர்கிறார், யார் குடத்தில் நீர் மொள்கிறார், யார் பெயரை ஆசிரியர் அன்போடு அழைக்கிறார் என்பவற்றைப் பிள்ளை ஒவ்வொரு நாளும் படிக்கிறது.

திருவிதாங்கூரில் அய்யன்காளி 1904-இல் வெங்ஙானூரில் தொடங்கிய பள்ளியைச் சாதியினர் அழித்தனர். பின்னர் ஊரூட்டம்பலம் பள்ளியில் பஞ்சமி என்னும் சிறுமியை அவர் சேர்க்கச் சென்றபோது, அப்பள்ளியே தீக்கிரையாக்கப்பட்டது. கருகிய பலகை ஒன்று இன்றும் அங்கே காக்கப்படுகிறது. கல்வி உரிமைக்காக உழைப்பாளர் வயலில் இறங்க மறுத்த போராட்டமும் அவர் நடத்தியதே. இங்குச் சென்னையில் 1894-இல் ஆல்காட்டு இலவசப் பள்ளியும், 1898-இல் அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கமும் தோன்றிய காலத்தை ஒட்டியவை அந்நிகழ்ச்சிகள். ஒரு சிறுமி பலகையில் அமர்ந்ததற்காகப் பள்ளியை எரித்தவர்கள், கற்பித்தலின் ஆற்றலை நன்கு உணர்ந்தவர்களே!

அது பழங்கதை என்று ஆறுதல் கொள்ள இயலவில்லை. பாலக்காட்டு முதலமடை ஊராட்சியின் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில் வாழும் அருந்ததியர், தேநீர்க் கடையிலும் குடிநீர்க் குழாயிலும் தமக்கு வேற்றுமை காட்டப்படுவதாக 2017-இல் முறையிட்டனர். இடுக்கியின் வட்டவடையில், பட்டியல் சாதியார்க்கு முடிதிருத்த மறுத்த வழக்கத்தை எதிர்கொள்ள, 2020-இல் ஊராட்சியே பொது முடிதிருத்தகம் ஒன்றைத் திறக்க நேர்ந்தது. இவ்வூர்ப் பிள்ளைகள் காலையில் கடையில் ஒரு பாடம் படித்துவிட்டே பள்ளிக்கு வருகின்றனர். அப்பாடத்தைப் பள்ளி மறுக்கிறதா, அல்லது மௌனத்தால் உறுதி செய்கிறதா? "நான் கணக்கு ஆசிரியர், சாதி என் பாடமன்று" என்று சொல்பவர், ஒன்றும் கற்பிக்கவில்லை என்று எண்ண வேண்டா. அவர் மௌனமும் ஒரு பாடமே.

சிகாலோவாத சூத்திரத்தில் ஆசிரியரைத் தென்திசையாகக் காட்டிய பகவான், அவர்தம் கடமைகள் ஐந்தினைக் கூறினார். நன்கு பயிற்றுதல், நன்கு விளங்கச் செய்தல், கலைகளை மறைக்காமல் கற்பித்தல், நண்பரிடையே மாணாக்கரை நல்லவிதமாக எடுத்துரைத்தல், எல்லாத் திசையிலும் அவர்க்குக் காவல் அமைத்தல். முதல் மூன்றும் பாடத்தைச் சார்ந்தவை. பின்னிரண்டும் பாடத்துக்கு அப்பால், பிள்ளை வாழும் உலகத்தைச் சார்ந்தவை. நாலு பேர் நடுவில் "இவன் என் மாணாக்கன்" என்று தலைநிமிர்ந்து சொல்லும் ஆசிரியர் ஒருவர் இருந்தால், கடைக்காரன் குவளையை மாற்றுமுன் ஒரு கணம் நாணுவான்.

எல்லாத் திசையிலும் காவல் என்பதை நினைக்கும்போது, 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு மூணாற்றுக்கு அருகே பெட்டிமுடியில் நிகழ்ந்த நிலச்சரிவும் நினைவில் எழுகிறது. லயங்களில் உறங்கிய தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர் 70 பேர் மாண்டனர். அவருள் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தனர். மலையின் மண்ணையும் மழையையும் ஆசிரியரால் தடுக்க முடியாது. ஆயினும், தம் ஊரின் சரிவையும் ஓடையையும் அறியும் அறிவு, தங்கும் வீட்டின் பாதுகாப்பைக் கேட்டுப் பெறும் துணிவு ஆகிய இரண்டும் கல்வியின் பகுதிகளே. அவற்றை ஒதுக்கிய பாடத்திட்டம் அப்பிள்ளைகளின் பாடத்திட்டம் ஆகாது.

மூடாத கை

பகவான் தம் இறுதி நாட்களில், தம்மிடம் ஆசிரியனின் மூடிய கை இல்லை என்றார். மறைத்து வைத்த பாடம் ஏதுமில்லை என்பது பொருள். காலாமர்க்கோ, மரபு என்பதாலும், நூலில் உள்ளது என்பதாலும், தம் ஆசான் சொன்னார் என்பதாலும் மட்டும் ஒன்றை ஏற்க வேண்டா. தாமே ஆராய்ந்து தெளிக என்றார். தம்மையே ஐயுற இடமளித்த ஆசிரியர் அவர்.

மணிமேகலைக் காப்பியத்தில் இம்முறையை நாம் தமிழிலேயே காண்கிறோம். வஞ்சி நகரத்தில் மணிமேகலை பல சமயவாதியரின் கொள்கைகளையும் கேட்கிறாள். பின்னர்க் காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குக் கற்பிக்கும்போது, முதலில் தருவது நம்பிக்கையன்று, அளவை நெறி. எது சான்று, எது போலிச் சான்று என்று பிரித்தறியக் கற்பித்த பின்னரே தம்மத்தை உரைக்கின்றார். கோலைக் கையில் கொடுத்து அளந்து பார்க்கச் சொல்லும் ஆசான் அவர்.

நம் ஞாயிறு வகுப்புகளிலும் மாலைப் பள்ளிகளிலும் இம்முறை உள்ளதா என்று நாம் நம்மையே வினவ வேண்டும். பஞ்சசீலத்தைப் பிள்ளைகள் பிழையின்றி ஒப்பித்தால் மகிழ்கிறோம். "பொய் சொல்லாதே என்கிறீர்களே, சாதியைக் கேட்டால் வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது?" என்று ஒரு பிள்ளை கேட்டால், நாம் கையைத் திறக்கிறோமா, மூடுகிறோமா? பிறர் பள்ளிகளைக் குறை கூறும் முன் நம் கூடத்தை நாமே பெருக்குதல் முறை.

தொகுத்துரை

மேற்கூறியவற்றால் நாம் கொள்ளத்தக்கவை இவை. கற்பித்தல் பொருளை ஒப்படைத்தல் மட்டுமன்று. கற்போன் நிற்கும் இடத்தை அறிந்து வழி காட்டுதல். அதற்கு முதற்கருவி அவன் மொழி. அதன் அளவுகோல், விரைந்து கற்பவன் எத்துணை தூரம் சென்றான் என்பதன்று. பின்தங்கியவனுக்காக ஆசிரியர் தம் வழியை எத்துணை முறை மாற்றினார் என்பது. அதன் நோக்கம், ஆசிரியரே வேண்டாத நிலைக்கு மாணாக்கனை உயர்த்துதல். கரை சேர்ந்தவன் தெப்பத்தைத் தலையில் சுமக்க வேண்டா என்பது பகவான் கூறிய உவமையன்றோ?

ஒப்படைத்தலும் வேண்டாததன்று. எழுத்தும் வாய்பாடும் ஒப்படைக்கப்பட வேண்டியவையே. அவற்றைக் கற்பிக்காமல் அன்பு மட்டும் காட்டும் ஆசிரியர் ஏழைப் பிள்ளையை ஏமாற்றுபவர். சோணருக்குப் பகவான் சொன்ன வீணை நரம்பின் உவமை இங்கும் பொருந்தும். மிக முறுக்கினாலும் இசை இல்லை. மிகத் தளர்த்தினாலும் இசை இல்லை.

சங்கக் கூட்டங்களில் கூடி ஆராய்தற்குரிய வினாக்கள்

1. உமக்குக் கற்பித்த ஆசிரியருள் ஒருவரை நினைத்துக்கொள்க. மேலே கண்ட ஐந்து எண்ணங்களுள் அவர் எதனைக் கொண்டிருந்தார்? எச்செயலால் அதனை அறிந்தீர்?

2. சூளபந்தகரின் தமையனார் தவறியது எவ்விடத்தில்? அவர் தீயவர் அல்லர் என்பதை மனத்திற்கொண்டு விடை காண்க.

3. உம் ஊர்ப் பள்ளியில் வேற்று மொழி பேசும் பிள்ளைகள் உளரா? அவர்தம் மொழியில் பத்துச் சொற்களை அப்பள்ளியின் ஆசிரியர் அறிவாரா? நீவிர் அறிவீரா?

4. ஆசிரியரின் ஐந்து கடமைகளுள் பின்னிரண்டையும் ஒருவர் நிறைவேற்ற, ஊரார் செய்ய வேண்டிய துணை யாது?

5. நம் மாலைப் பள்ளியில் சென்ற திங்களில் ஒரு பிள்ளை கேட்ட கேள்வி ஒன்றைக் கூறுக. ஒன்றும் நினைவுக்கு வரவில்லையாயின், அடுத்த வகுப்பை எங்ஙனம் நடத்துவீர்?

ஐந்தாம் வினாவுக்கு விடை காண்பதிலிருந்து உம் ஆராய்ச்சியைத் தொடங்குமாறு வேண்டுகிறோம்.